சமாதானக் கூட்டம் சமையற்கட்டுக்குப் போன கதை

கோலா கெத்தில்,
புதன்கிழமை மாலை.

அன்பு மகன் குணாளனுக்கு அம்மா எழுதுவது,

உன் அப்பா, நான், தங்கச்சி, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட சாம்பல் பூனை, நால்வரும் மாரியாயி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்ற நினைப்போடுதான் இதை ஆரம்பிக்கிறேன். பேனாவைப் பிடித்திருப்பது வாசுகி. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், ஆனால் சொல்வதை அப்படியே எழுதாமல் பரீட்சைத் தாளில் எழுதுவது போலத் திருத்தித் திருத்தி எழுதுகிறாள், ஆகவே எங்காவது அம்மா இப்படிப் பேசமாட்டாரே என்று உனக்குத் தோன்றினால் அது அவள் வேலை. (அண்ணா, அம்மா ஒரே மூச்சில் மூன்று பேரைப் பற்றிப் பேசுகிறார். நான் முற்றுப்புள்ளி மட்டும்தான் வைக்கிறேன். வாசுகி.)

போன வாரம் விடாத மழை. ஆற்றில் தண்ணீர் ஏறி, நம் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. அப்பாவின் லோரி செம்பனைப் பழக்குலை ஏற்றிக்கொண்டு வரும்போது சேற்றில் புதைந்து, டிராக்டர் வந்து இழுக்கும்வரை அவர் உள்ளேயே உட்கார்ந்து பழைய பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாராம், அந்தப் பாட்டுத் தாங்காமல்தான் டிராக்டர்காரன் அவ்வளவு சீக்கிரம் வந்தான் என்று வேலையிடத்தில் ஒரே கேலி. டாக்டர் சீனியைக் குறைக்கச் சொன்னதால் வீட்டில் வெறும் தேநீரைக் குடித்து முகத்தைச் சுளிப்பார், பிறகு சந்திக் கடைக்குப் போய் டின்பால் ஊற்றி ஒன்று குடித்துவிட்டு வருவார், மீசையைப் பார்த்தாலே தெரியும். எனக்குத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் கிடைத்திருக்கிறது, சாயங்காலம் வீட்டில் இருக்க முடிகிறது. வாசுகி பள்ளியில் படிவம் நான்கு வகுப்பை முடிக்கப் போகிறாள். பஸ்ஸில் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பாலிங் போகும் வழியில் பாதி தூரம் போய்விட்டாள், அப்பாதான் லோரியில் போய்க் குலையோடு குலையாக ஏற்றிக்கொண்டு வந்தார். (இது ஒரு தடவைதான் நடந்தது. அது மிகவும் நல்ல புத்தகம்.)

இனி நீ காத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தைப்பூசம் முடிந்ததும் உன்னை வெளியே விடுகிறார்கள். போன முறை நாங்கள் ஜொகூர் வரை வந்து பார்த்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, நான் நம் வீட்டுக்கே வந்துவிடலாமா அம்மா என்று கேட்டாய். நான் கூலிமில் மாமா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று சொல்லிப் பேச்சைத் திருப்பினேன், உன் முகம் வாடியதையும் பார்த்தேன். காரணம் இதுதான். உனக்குத் தண்டனை சொன்ன அன்று நீதிமன்ற வாசலில் உமாராணி அக்கா என்னிடம், ‘அவன் திரும்பி இந்தத் தாமான் வீடுங்க பக்கம் வந்தா நான் இருக்கமாட்டேன், வீட்டப் பூட்டிட்டு எங்கயாச்சும் போயிடுவேன், நீயே முடிவு பண்ணிக்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். நம் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறவர். சர்க்கரை நோயில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகும் யாரையும் எதிர்பார்க்காமல், விடியுமுன் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி, பக்கத்தில் பெட்டி பூட்டிய மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு போய்ச் சாலை முனையில் விற்றுப் பிழைத்தவர். உன்னை வரச் சொல்லிவிட்டு அவரை ஊரைவிட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதிதான். நீயும் உன் கூட்டாளிகள் இருவரும் குடித்துவிட்டு விளையாட்டாக அவருடைய மோட்டாரை எடுத்தீர்கள், அவர் பக்கத்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தினார், இழுபட்டு விழுந்தார், நீங்கள் தோட்டத்துக் கால்வாயில் வண்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடினீர்கள். நீதிமன்றத்தில் இவ்வளவுதான் பேசினார்கள், அதுவும் மலாயில், வக்கீல் பேசினார், நீ தலையாட்டினாய். மணிக்கட்டு முறிந்ததை எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று எவரும் கேட்கவில்லை. நானும் போகவில்லை, எந்த முகத்தோடு போவது என்று, சாலையில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். கை கூடிவிட்டது, நல்ல மனிதர்கள் சேர்ந்து வேறு வண்டியும் ஏற்பாடு செய்தார்கள், ஆனால் அந்த வண்டி அவர் வீட்டு முன்னால் துணி போர்த்தி நின்றபடியே நின்றது. சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

இதற்கு நடுவில் வந்தவர்தான் கேதரின் டீச்சர். செமிலிங்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியை, மாதா கோயிலுக்குப் போகிறவர். சிறைக்குப் போனவர்களின் வீட்டுக்கும் அவர்களால் அடிபட்டவர்களின் வீட்டுக்கும் மாறி மாறிப் போய்ப் பேசுவதை ஒரு வேலையாகவே செய்கிறார். முதலில் என்னிடம் வரவில்லை, அக்காவிடம்தான் போனார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம். ‘இத இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல டீச்சர், யோசிச்சுத்தான் சொல்லணும்’ என்று அக்கா வாரக்கணக்கில் யோசித்தார். பிறகு, தாமான் ஆட்கள் எல்லாரும் ஒருநாள் உட்கார்ந்து தான் பேசுவதைக் குறுக்கே விழாமல் கேட்க வேண்டும், அது போதும் என்றார். டீச்சர் கோயில் செயலாளர் மணியம் அண்ணனிடம் போய், மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வையுங்கள், பெரியவர் சிறியவர் இல்லாமல் உட்காருவோம், ஒரு சங்கு கொண்டுவருகிறேன், அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேசட்டும் மற்றவர் கேட்கட்டும் என்று சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் நம் மணியம் அண்ணனைப் பற்றி உனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை காலையில் போனால் மண்டப வாசலில் வாழைமரம். மேடைக்குப் பின்னால் ஒரு பேனர், அதில் தங்க நிறத்தில் சமாதானக் கூட்டம் என்ற எழுத்து, ஓரத்தில் மணியம் அண்ணன் கைகூப்பி நிற்கும் படம். நாற்காலிகள் வரிசை வரிசையாக, முன்வரிசைக்கு வெள்ளை உறை, முதுகில் சிவப்பு ரிப்பன் முடிச்சு. வட்டம் என்று சொன்னேனே என்று டீச்சர் மெதுவாகக் கேட்டதற்கு, ‘வட்டமா போட்டா முன்வரிச எது டீச்சர், பெரிய மனுசங்கள எங்க உக்கார வெக்கிறது, அப்பறம் பேச்சு வரும்லா’ என்றார். சங்கைக் காட்டினால், ‘அது என்னாத்துக்கு, மைக் இருக்கு, புதுசு’ என்றார். கையில் இருப்பவர் பேசுவது டீச்சர் சொன்னபடியே நடந்தது, என்ன, ஒரு கைக்குப் போன மைக் திரும்பி வரவில்லை. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, அப்புறம் தோட்டத்து ஆட்களை மேய்த்த பழைய மண்டோர் ராமையா மைக்கை வாங்கி வெள்ளைக்காரத் துரை காலத்து ரப்பர் மரத்தில் ஆரம்பித்தார், செம்பனை நட்ட காலத்துக்கு வந்து சேர்வதற்குள் பின்வரிசைப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், உன் அப்பாவும்தான். பிறகு பொன்னாடை. டீச்சருக்கு ஒன்று, ராமையாவுக்கு ஒன்று, நாற்காலி கொடுத்தவருக்கு ஒன்று. (அண்ணா, நிகழ்ச்சி நிரலில் உமாராணி ஆன்ட்டி கடைசியில், நன்றியுரைக்கு முன்னால் இருந்தார். ‘பாதிக்கப்பட்டவர் சிறப்புரை, ஐந்து நிமிடம்’ என்று போட்டிருந்தார்கள்.) நான் இதையெல்லாம் சமையற்கட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பகல் சாப்பாட்டுக்காகப் பெண்கள் பின்னால் வேலை செய்துகொண்டிருந்தார்கள், உதவுகிற சாக்கில் நானும் அங்கே போய் ஒளிந்துகொண்டேன்.

அக்காவை முன்வரிசையில் கல்யாணப் பெண் மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். மணியம் அண்ணன் பொன்னாடையை விரித்துக்கொண்டு அவர் பெயரைச் சொன்னதும் எழுந்தார். மேடைக்கு வருகிறார் என்று எல்லாரும் கை தட்டினார்கள். அவர் ஊன்றுகோலைத் திருப்பிப் போட்டு நேரே சமையற்கட்டுப் பக்கம் நடந்தார். எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, பின்கதவை மறித்துக்கொண்டு அடுப்புக்கான கேஸ் தோம்பு நின்றது. தரையில் கூடாரத் துணியை விரித்து, அதைச் சுற்றி உட்கார்ந்து ஏழெட்டுப் பேர் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ‘கத்தி குடுங்க’ என்றார். யாரோ கொடுத்தார்கள், வெங்காயக் கூடையையும் நகர்த்தி வைத்தார்கள். பின்னாலேயே வந்த கேதரின் டீச்சர் தன் பொன்னாடையை மடித்து ஜன்னலில் வைத்துவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். டீச்சர் கேட்ட வட்டம் அங்கே யாரும் போடாமலே இருந்தது என்று வாசுகி இப்போது சொல்கிறாள். எனக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. கைக்கு வேலை இருந்ததால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அது எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

அக்காதான் முதலில் பேசினார். ‘ரமணி, என்னப் பாத்தா நீ ஏன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுற? ஒன் மவன் மோட்டார எடுத்தான். நீ என்னாத்த எடுத்த? அந்தப் பக்கம் செட்டியார் நாய் வேற கட்டாம கெடக்கு, கடிச்சு வெச்சா அதுக்கும் நான்தான் காரணம்பாங்க’ என்றார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. ‘வெங்காயம் உரிக்கறது நானு, கண்ணு எரியறது ஒனக்கா’ என்று அதற்கும் ஒன்று சொன்னார். பிறகு உரித்துக்கொண்டே மற்றதைச் சொன்னார். வலியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பின்னால் ஒரு மோட்டார் சத்தம் கேட்டால் போதும், கையும் காலும் மரத்துப்போகிறது, பிடித்த பிடியில் அப்படியே நின்றுவிடுகிறேன், அதனால்தான் வண்டியைத் துணி போட்டு மூடினேன் என்றார். சோம்பேறித்தனம் என்று பேசினவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், கத்தரிக்காயை முறைத்துப் பார்த்துக்கொண்டு.

‘அது கூடப் போகட்டும்’ என்றார் அக்கா. ‘நான் ரோட்ல கெடந்தத எவனோ போன்ல புடிச்சான். கைலி ஒதுங்கிக் கெடக்கு, வெட்டுன காலு தெரியுது. அத இந்தத் தாமான் பூரா பாத்துச்சு. ஐயோ பாவம், ஐயோ பாவம்னு போட்டு ஆளாளுக்கு அனுப்புனீங்க. பாவம்னு நெனச்சவ ஒருத்தியாச்சும் அழிச்சீங்களா?’ அந்த நேரம் பார்த்து வெளியே ஒலிபெருக்கியில், ஒலிபெருக்கி கொடுத்தவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துவீட்டு யோகேஸ்வரிதான் முதலில் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ‘இருங்கக்கா, எங்க கெடக்குன்னு தேடுறேன், இத எப்படி அழிக்கிறதுன்னே தெரியலையே, வாசுகி, இங்க வாம்மா’ என்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. (நான் சுற்றி வந்து எல்லாருக்கும் அழித்துக் கொடுத்தேன், அண்ணா. தேடும்போது நான் படத்தைப் பார்க்கவில்லை, அனுப்பியவர் பெயரை மட்டும் பார்த்து அழித்தேன். ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.)

அப்போது மணியம் அண்ணன் பொன்னாடையோடு உள்ளே வந்தார். ‘அக்கா, பேர கூப்புட்டு கூப்புட்டு தொண்ட காஞ்சு போச்சு, சால்வையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்லா’ என்றார். ‘அந்தத் துணிய இங்க கொண்டா’ என்று வாங்கி, சரிகைப் பக்கமாகப் பார்த்துக் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டார் அக்கா. ‘இப்ப ஒன் போன எடு. கோயில் வாட்சப் குருப்புல போட்டவன் நீதான?’ அவர், ‘எச்சரிக்கைக்குத்தான்க்கா போட்டேன், எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கணும்னு’ என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவரைப் பேச்சில்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போனை எடுத்துத் தேடினார், வாசுகி உதவினாள். பிறகு மண்டபத்துக்குள் போய் மைக்கை வாங்கி, ‘உமாராணி அக்கா படம் யாரு போன்ல இருக்கோ இப்பவே அழிச்சிருங்க, மொதல்ல போட்டது நான்தான், தப்பு’ என்று சொல்லி இறங்கிவிட்டார். அன்றைக்கு நடந்த உரைகளிலேயே அதுதான் சின்னது. திரும்பி வந்து எங்களோடு உட்கார்ந்து பூண்டு உரித்தார், ரொம்ப மோசமாக உரித்தார்.

அதற்கப்புறம்தான் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ‘ஒன் மவன்கிட்ட எனக்கு ஒன்னே ஒன்னு கேக்கணும் ரமணி. அவன் வண்டி ஓட்டல, பின்னால எம் பக்கமாத்தான் உக்காந்திருந்தான். நான் கை நழுவி விழுந்தப்ப திரும்பிப் பாத்தானா? பாத்துட்டுப் போனானா, பாக்காம போனானா? சின்ன வயசுலேர்ந்து எங்கிட்ட நாசி லெமாக் வாங்கித் தின்னு வளந்த புள்ள. படுத்தா இதேதான் மனசுல ஓடுது. பாத்தேன்னு சொன்னா கோவம் வரும், நல்லாத் திட்டுவேன், ஆனா தெரிஞ்சிரும்லா. தெரியாம இருக்கறதுதான் முடியல’ என்றார். என் பிள்ளை பார்த்திருக்க மாட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் என் முழங்கையை லேசாகத் தொட்டார். சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை உனக்காக நான் எப்படிச் சொல்ல முடியும்? அதற்குப் பதிலாக, அவன் இங்கே வரலாமா அக்கா என்று கேட்டேன். ‘மொதல்ல பதில் வரட்டும். அவன் கைப்பட எழுதணும், ஒன் மவ எழுதிக் குடுக்கக் கூடாது, அது ரொம்ப அழகா எழுதிப்புடும். பதில் எதுவா இருந்தாலும் அதுக்கப்பறம் அவனும் வரட்டும். வந்தா வேல இருக்கு. விடியக்காலைல நான் வண்டிய எடுக்கறப்ப அவன் மோட்டார்ல எனக்கு முன்னால போவணும். பின்னால வரக்கூடாது. முன்னால, மெதுவா, லைட்டு போட்டுக்கிட்டு, சால முனை வரைக்கும்’ என்றார். எத்தனை நாளைக்கு என்று யோகேஸ்வரி கேட்டாள். ‘என் பயம் போற வரைக்கும். அத நான் சொல்லுவேன். அவன் தூங்குமூஞ்சி, எழுப்பி விடறது ரமணி வேல’ என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். போய்ப் பார்த்தால் உன் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ‘லைட்டு மங்கலா எரியுது, மாத்தணும்’ என்றார், அவ்வளவுதான். இத்தனை மாதமாக அந்த மோட்டார் பக்கமே போகாத மனிதர். உமாராணி அக்கா நேற்று தன் வண்டியின் துணியை எடுத்து அலசிக் காயப்போட்டிருக்கிறார், இன்னும் ஓட்டவில்லை. ஆனால் குப்பைத்தொட்டி வைக்கிற இடத்துக்காக யோகேஸ்வரியோடு பெரிய சண்டை போட்டார், ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட அந்தக் குரலைத் தாமானே சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இனி உன் கையில்தான் இருக்கிறது, கண்ணு. எனக்கு எழுத வேண்டாம், அவருக்கு எழுது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவதற்காக எழுதாதே. போதையில் ஒன்றும் நினைவில்லை என்பது உண்மையானால் அதை எழுது, உண்மை இல்லையென்றால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. நீ திரும்பிப் பார்த்திருந்தால் பார்த்தேன் என்று எழுது. படிக்கும்போது அவருக்கு வலிக்கும், எழுதும்போது உனக்கும் வலிக்கும், எனக்கும்தான், ஆனாலும் நீ என் வயிற்றில் பிறந்த பிள்ளை இல்லை என்று ஆகிவிடாது. வருகிற உறையை நான் பிரிக்கமாட்டேன், ஒட்டியது ஒட்டியபடியே கொண்டுபோய்க் கொடுப்பேன். மாமாவிடம் அந்த அறையை வேறு யாருக்காவது விடச் சொல்லிவிட்டேன். (அண்ணா, கடைசியாக நான் ஒன்று. இன்று பள்ளி விட்டு வரும்போது உமாராணி ஆன்ட்டி வாசலில் நின்று, ‘ஒங்க அண்ணன்கிட்டேர்ந்து பதில் வந்துச்சா?’ என்று கேட்டார். நாங்கள் இன்னும் எழுதவே இல்லை ஆன்ட்டி என்றேன். ‘நாலு நாளா என்னா பண்றீங்க, படிச்ச புள்ளதான நீ, போய் எழுதுலா’ என்று விரட்டினார். அதனால்தான் அம்மாவை இப்போதே உட்கார வைத்தேன்.)

தண்ணீர் நிறையக் குடி, காலில் படை வந்த இடத்தை ஈரமில்லாமல் வைத்துக்கொள், அங்கே யாரோடும் வாய்ச்சண்டை வேண்டாம். முருகனும் மாரியாயியும் உன் பக்கத்தில் உட்கார்ந்து உனக்குத் தைரியம் கொடுக்கட்டும். நீ நீண்ட ஆயுளோடு, தலை நிமிர்ந்து, நல்ல மனிதனாக இருப்பாய். மறக்காமல் எழுது, இந்த வாரமே எழுது, நாலு வீடு தள்ளி ஒருவர் வாசலில் நின்று காத்துக்கொண்டிருக்கிறார்.

உன்னை எழுப்பிவிடும் வேலை கிடைத்திருக்கும்
அம்மா ரமணி